கரிசலுக்கு வாங்கிய பட்டன் டயர்

என் தலைப்பிரசவத்துக்கு நான் தாய் வீடு போய்ச் சேர்ந்த கதையை யார் கேட்டாலும் டயரிலிருந்துதான் தொடங்குவேன். பிள்ளை பெற்ற கதையில் டயருக்கு என்ன வேலை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வருஷம் டயரைப் பற்றி நான் யோசித்த அளவுக்கு வயிற்றில் கிடந்த பிள்ளையைப் பற்றிக்கூட யோசித்திருக்க மாட்டேன்.

நான் கமுதிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவள். வாக்கப்பட்டது மாரியூர் பக்கம், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். நாடு சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். புகுந்த வீட்டில் கருவாட்டு வியாபாரம். கரையில் வலைக்காரர்களிடம் மீனை வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து, மூட்டை கட்டிச் சாயல்குடிக்குக் கொண்டுபோய் லாரியில் ஏற்ற வேண்டும். கரைக்கும் ரோட்டுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக ஒரே மணல். மாட்டு வண்டி திணறிப் போகும். அதற்காகவே என் மாமனார், உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தில் ஏலம் விட்ட ஜீப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டைக் கம்பியைத் தள்ளினால் முன்சக்கரங்களும் இழுக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கம்பியைத் தொடும் உரிமை என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான்.

வண்டியின் டயர்களோ தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. நான் வந்த புதிதில் அதைக் கேலி பேசினேன். மணலுக்கு மொட்டைதான் நல்லது என்று பிறகுதான் தெரிந்தது. பாதிக் காற்றை இறக்கிவிட்டால் டயர், கல்லில் ஊற்றிய தோசை மாவு போல அகலமாகப் பரவி, மணலைத் தோண்டாமல் மேலேயே போய்விடும். ரோட்டுக்கு வந்ததும் கைப்பம்பை எடுத்து மறுபடி காற்றடிக்க வேண்டும். இறக்குவது, அடிப்பது, இறக்குவது, அடிப்பது. கடற்கரையில் ஜீப் ஓட்டுகிறவருக்குப் பாதிப் பொழுது இதிலேயே போய்விடும்.

அந்த வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனாரும் மகனும் மட்டும் பேச்சே இல்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வீட்டில் மூன்றாவது ஆளாக நான் போய் விழுந்தேன். உண்டானபோது பயம் வந்துவிட்டது. தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். எனக்கு வழக்கத்தை விடப் பயம்தான் பெரிது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் பெறுவேன், இல்லையென்றால் செத்துவிடுவேன் என்று மனசில் விழுந்துவிட்டது. 

ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டிப்போயிருக்க வேண்டும். அதே மாதம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டாள். அவளால் இங்கே வர முடியாது. உட்காரவாவது தெம்பு வரட்டும், அப்புறம் அழைத்துக்கொள்கிறோம் என்று அய்யா சொல்லியனுப்பினார். அய்யா என்றால் என் அப்பா. தெம்பு வருவதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். ஐப்பசியில் கரிசல் காட்டுக்குள் போவது எப்படி?

மழையில் கரிசலை மிதித்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும். மேலே வழுக்கும், கீழே இழுக்கும். வண்டிமாடுகள் முட்டுக்கால் போட்டுவிடும். ஜீப்பின் யோக்கியதையையும் தலைதீபாவளிக்குப் போனபோதே பார்த்தாகிவிட்டது. ஊருக்கு வெளியே சகதியில் வண்டி நின்றுபோனது. என் வீட்டுக்காரர் கடற்கரைப் பழக்கத்தில் சட்டென்று குதித்து நாலு டயரிலும் காற்றை இறக்கினார். மணல் என்றால் வண்டி மேலே ஏறியிருக்கும். கரிசலோ டயரைச் சுற்றி அப்பி அப்பி, சக்கரம் எது மண் எது என்று தெரியாமல் ஆக்கிவிட்டது. கடைசியில் மாடு பூட்டி இழுத்துத்தான் புதுமாப்பிள்ளை ஊருக்குள் போனார். ஊரே வேடிக்கை பார்த்தது.

அதனால் நான் டயர் மாற்றச் சொன்னேன். மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டே, என்னைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார்.

"வண்டி ஓடுறது மணல்ல. கரிசலுக்கு வருசத்துல ஒரு நா போறதுக்கு எவனாச்சும் டயரை மாத்துவானா?"

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மாமனார் முன்னால் நின்று பேசுகிற காலம் இல்லை அது. எனக்கு ஆத்திரம் வந்தால் காலம் நேரம் பார்க்கத் தெரியாது.

"அந்த ஒரு நாளைக்குத்தான் மாமா கேக்கேன். அது எனக்கு எப்பேர்ப்பட்ட நாளுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் வெற்றிலையைத் துப்பினார். எழுந்து கரைக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் என்னை முறைத்தார், நானும் முறைத்தேன். மறுநாள் விடிந்ததும் மாமனார் வாசலில் நின்றபடி மகனுக்குச் சொன்னார்:

"மருதைக்குப் போயிப் பாத்துட்டு வா. அவளையும் கூட்டிட்டுப் போ. கரிசல் மண்ணு நமக்கென்ன தெரியும்?"

இப்படித்தான் ஏழு மாத வயிற்றோடு நான் டயர் வாங்க மதுரைக்குப் போனேன். கடையில் பழைய பட்டாளத்து டயர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. உள்ளே போனதும் ரப்பர் வாடையில் எனக்குக் குமட்டியது. கடைக்காரர் நல்ல மனுஷர். ஒரு டயரைப் படுக்கப் போட்டு, மேலே பலகை வைத்து, என்னை அதில் உட்காரச் சொன்னார். 

"வண்டி எங்க ஓடுது? கரிசலா, மணலா?"

"ரெண்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டுக்கும் ஆகுற டயரை இன்னும் எவனும் செய்யலங்க. ஒண்ணைச் சொல்லுங்க."

கேட்டதும் என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருப்பார் போல. பின்னால் இரண்டும் கட்டி கட்டியாக ரப்பர் துருத்தி நிற்கும் பட்டன் டயர், முன்னால் இரண்டும் பழைய மொட்டை. அப்பாவுக்கும் சரி, பெண்டாட்டிக்கும் சரி. கடைக்காரர் கையை ஆட்டினார்.

"அந்த வேலை மட்டும் வேண்டாங்க. முன்னால ஒரு உசரம், பின்னால ஒரு உசரம்னா நாலு சக்கரமும் சேந்து இழுக்கையில கியர் பெட்டி பல்லைக் கடிச்சிக்கிடும். போட்டா நாலும் ஒண்ணுபோலப் போடணும்."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பட்டன் டயரிலேயே இரண்டு தினுசு எடுத்துப் போட்டார். ஒன்றில் கட்டிகள் சின்னதாக, நெருக்கமாக இருந்தன. இன்னொன்றில் பெரிது பெரிதாக, இடைவெளி விட்டு இருந்தன. என் வீட்டுக்காரர் நெருக்கமானதையே தடவிக்கொண்டிருந்தார். மணலை அவ்வளவாகத் தோண்டாது என்பது அவர் கணக்கு. நான் எழுந்துபோய் இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தேன். முதல் டயரில் ஒரு விரல்தான் போனது. அடுத்ததில் மூன்று விரல் தாராளமாகப் போனது.

"இதை எடுங்க. எங்க ஊர்ல மழைக்கு நடந்தா, குதிங்கால்ல ஒட்டுன மண்ணு உதறுனா விழுந்துரும். விரல் இடுக்குல ஏறுனது லேசுல போவாது. கட்டி நெருக்கமா இருந்தா உள்ள மண்ணு அடைச்சுக்கிடும். அப்புறம் அதுவும் மொட்டை டயருதான்."

கடைக்காரர் சிரித்து, "தங்கச்சி சொல்றது சரிதான்" என்றார். என் வீட்டுக்காரர் எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தார். திரும்பி வந்து, பெரிய கட்டி வைத்த டயரையே நாலு எடுக்கச் சொன்னார்.

அதற்குரிய பலனை மறுநாளே கரையில் அனுபவித்தோம். மூட்டை ஏற்றி வண்டியைக் கிளப்பியதுதான் தாமதம், புது டயர் நாலும் நாய் மண் பறிப்பதுபோல் மணலை வாரிப் பின்னால் எறிந்துவிட்டு அச்சு வரைக்கும் கீழே இறங்கிவிட்டது. வலைக்காரர்கள் வலை உலர்த்துவதை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "ஏலே, இவுகளை டயரு வாங்கச் சொன்னா மம்பட்டி வாங்கிட்டு வந்திருக்காகளே!" கரையே சிரித்தது. பனையோலை வெட்டிப் போட்டு, மூட்டைகளை இறக்கி, தள்ளித் தள்ளி வண்டியை எடுத்தார்கள். மம்பட்டி வண்டி என்ற பேர் ஜீப்புக்கு அன்றைக்கு வந்தது, கடைசி வரை போகவே இல்லை.

எனக்கு அழுகையாக வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எந்த நேரம் கிளம்ப வேண்டியிருக்குமோ என்று புது டயரைக் கழற்றாமலே, ஒரு நடையில் போக வேண்டிய சரக்கை இரண்டு நடையாகப் பிரித்து ஓட்டினார். காற்றை முன்னை விட அதிகமாக இறக்கிவிட்டு, அதிகமாக அடித்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ராத்திரி நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டபோது, "துணிமணியை எடுத்து வச்சுக்கோ. மழை கொஞ்சம் வெறிச்சதும் கெளம்பிருவோம்" என்றார். எனக்கு அந்த மனுஷர்மேல் ஆசை வந்தது கல்யாணத்தன்று அல்ல, அன்றைக்குத்தான். இதைச் சொன்னால் என் பேத்திகள் நம்புவதில்லை.

ஒன்பதாம் மாதம் நடுவில், மழை விட்ட ஒரு காலையில் கிளம்பினோம். மாமனார் வண்டிவரை வந்து, கோயில் திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டு, "பதனமாப் போங்க. நேத்தே கமுதிச் சந்தையில உங்க ஊருக்காரகட்ட சொல்லிவிட்டுட்டேன், எதிர்பாத்துக்கிட்டு இருப்பாக" என்றார். சாயல்குடி ரோடு முழுக்க பட்டன் டயர் 'உம்'மென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. கமுதி தாண்டி, ரோட்டை விட்டு எங்கள் ஊர் வண்டிப்பாதையில் இறங்கும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்தி, குட்டைக் கம்பியைத் தள்ளினார். நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

டயர் மண்ணைக் கடித்தது. சகதி சக்கரத்தில் ஏறியது, பாதிச் சுற்றில் கட்டி கட்டியாக உதறி விழுந்தது. ஜீப்பின் பக்கவாட்டில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டது. தலைதீபாவளிக்கு நின்றுபோன இடத்தைக் கண்ணெதிரிலேயே தாண்டிப் போனோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்னும் பாதைக்குக் குறுக்கே வரும் ஓடை ஒன்றுதான் பாக்கி. எந்த வண்டியாக இருந்தாலும் அந்த ஓடையில் ஒரு தடவை மண்டி போடாமல் போனதில்லை. 

ஓடைக்குள் இறங்கினால் ஆச்சரியமாக இருந்தது. மேலே பார்க்கச் சகதிதான். சக்கரத்துக்குக் கீழே கெட்டித் தரை போல இருந்தது. அலுங்காமல் குலுங்காமல் வண்டி ஏறி அக்கரைக்கு வந்துவிட்டது.

"பாத்தியா டயரை!" என்று அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். 

அக்கரை மேட்டில், சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அய்யா நின்றிருந்தார். கூட ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"புதையாம வந்துட்டீகளா தாயி! எனக்குத் தெரியும். நேத்துப் பொழுது சாய ஆரம்பிச்சு ஓடை முழுக்கக் கருவ மிலாறு வெட்டிப் போட்டுருக்கோம்ல!"

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மணப்பெண்ணோ பிள்ளைத்தாய்ச்சியோ வண்டியில் வருகிறாள் என்றால், சகதியில் கருவேல மரக் கிளைகளை வெட்டிப் பரப்பிப் பாதை போடுவது எங்கள் ஊர் வழக்கம். இரும்புப் பட்டா போட்ட மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு முள் ஒரு பொருட்டே இல்லை. கிளைகள் சகதியில் அமிழ்ந்து பாய் விரித்தது போல ஆகிவிடும். தலைமுறை தலைமுறையாகச் செய்வதைத்தான் அய்யாவும் செய்திருந்தார். ரப்பர் சக்கரம் வரப்போகிறது என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. 

"என்ன அது, பாம்பு சீறுறாப்புல?" என்று கூட வந்தவர் ஒருவர் கேட்டார்.

பாம்பு இல்லை. மூன்று டயர்கள் ஒன்றுக்கு ஒன்று போட்டியாகக் காற்றை விட்டுக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் இறங்கி, குனிந்து, ஒரு டயரிலிருந்து விரல் நீளத்துக்கு வெள்ளை முள்ளைப் பிடுங்கினார். பிறகு ஓடையைப் பார்த்தார். அய்யா அந்த முள்ளைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அய்யாவிடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எத்தனை சண்டை போட்டு, எத்தனை பேச்சு வாங்கிக் கொண்டுவந்த டயர்! வாயைத் திறந்தேன். அதற்குள் அய்யாவின் கைகள் கண்ணில் பட்டன. விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேலே வரைக்கும் முள் கிழித்த கோடுகள், ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தன. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது. அய்யா சொன்னார்: "மாப்ள, வண்டி பூட்டிக் கொண்டாரச் சொல்லுதேன்."

"மாட்டு வண்டியில தூக்கித் தூக்கிப் போடும் மாமா. இவ தாங்க மாட்டா" என்றார் என் வீட்டுக்காரர். மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "காத்து இல்லாம ஓட்டுறது எனக்கு என்ன புதுசா?"

"ஐயையோ, புது டயரு பாழாப் போயிருமே மாப்ள!"

"இதுக்குத்தான மாமா வாங்குனது."

ஒரு மைலையும் நடை வேகத்தில் ஓட்டினார். காற்றுப் போன டயர்கள் தொப்புத் தொப்பென்று அடித்துக்கொண்டே வந்தன. அய்யா பக்கத்திலேயே நடந்து வந்தார், ஜீப்பின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டில் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டு அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து வர முடியாமல் இரண்டு கையையும் நீட்டினாள். நான் போய் அந்தக் கைகளுக்குள் விழுந்தேன். அதற்கப்புறம் எனக்குப் பயமே இல்லை.

அன்று மாலையே அடைமழை பிடித்துக்கொண்டது. மகள் பிறக்கிற வரைக்கும் விடவில்லை. ஓடையில் வெள்ளம், ரோட்டுக்குப் போக வழியில்லை. அந்தக் காலத்தில் பிரசவ வீட்டில் மாப்பிள்ளை தங்குவது என்று ஒன்று கிடையாது. தகவல் போய்த்தான் பிள்ளை பார்க்க வருவார்கள். வலி வந்தபோது அம்மா கையை நான் நொறுக்குவதுபோல் பிடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மகளின் முதல் அழுகையைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஊரில் வேறு எந்த மாப்பிள்ளைக்கும் அன்றுவரை அது கிடைத்ததில்லை. முள்ளுக்கு இந்த ஒரு நன்றிக்கடன் எனக்கு உண்டு.

மழை விட்டதும் அவர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். கருவாடு காயாத மாதங்கள் என்பதால் மாமனாரும் வண்டியைத் தேடவில்லை. ஜீப் எங்கள் களத்தில் நின்றது, கோழிகள் அதில் முட்டையிட்டன. காற்றில்லாமல் ஓடிய மூன்று டயர்களும் பக்கவாட்டில் கிழிந்து, ஒட்டுப்போட முடியாமல் போயிருந்தன. ஊரில் செருப்புத் தைக்கிறவர் அதிலொன்றை அறுத்து அய்யாவுக்கு ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார். அய்யா ஆயுசிலேயே போட்ட முதல் செருப்பு அதுதான். அந்தக் கட்டிகளோடு அவர் நடந்துபோன தடத்தைப் பார்த்து, மழையில் குட்டி ஜீப் ஒன்று போயிருக்கிறது என்று கேலி செய்வோம்.

மாசி மாதம் என்னையும் மகளையும் அழைத்துப்போக என் வீட்டுக்காரர் வந்தார். கூடவே ஒரு மாட்டு வண்டியில் பழைய மொட்டை டயர்கள் நாலும் வந்தன. அவற்றை மாட்டினார். கரிசல் காய்ந்து கல்லாகியிருந்தது, எந்த டயரும் ஓடும். அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

வண்டி கிளம்பும்போது அய்யா செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் போய் நின்றார். வெறுங்கால்.

"ஏறுங்கய்யா, ரோடு வரைக்கும் வாங்க" என்றேன்.

"நீங்க பின்னாலயே வாங்க தாயி. ஒரு மாசமா முள்ளுப் பொறுக்கியிருக்கேன். ஆனாலும் காஞ்ச மண்ணுக்குள்ள ஒண்ணு ரெண்டு நிக்கும். டயருக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஓடையிலும், ஓடைக்கு அப்புறம் பாதை நெடுகவும், வலது சக்கரம் போகும் தடத்தில் கொஞ்சம், இடது சக்கரம் போகும் தடத்தில் கொஞ்சம் என்று மாறி மாறி, காலை அழுத்தி அழுத்தி வைத்து நடந்தார். என் வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவில்லை. அவருடைய கண் அய்யாவின் கால்களிலேயே இருந்தது. நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

ரோட்டுக்கு வந்ததும் அய்யா மைல்கல்லில் உட்கார்ந்து, குதிங்காலைத் திருப்பி, ஒரு முள்ளைப் பிடுங்கினார். ரத்தத்தைத் துண்டால் துடைத்துவிட்டு அதை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"இது ஒண்ணுதான் மாப்ள மிச்சம் இருந்துச்சு. இனிப் பயமில்லாமப் போங்க."

அவர் அந்த முள்ளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் மகளை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அய்யா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை. டயர்ச் செருப்பை என் கையாலேயே அவர் காலில் மாட்டிவிட்டு வந்து வண்டியில் ஏறினேன்.